வேம்புலியின் ஐம்பத்திரண்டு நிமிஷம்

வேம்புலிக்கு அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது வந்து உங்களிடம் சொன்னால் எனக்கு அசிங்கம். என் பேர் உதயகுமார். பாரிவாக்கம் கூட்ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாக டீசல் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். வேலை சுத்தம் என்றும் சொல்லும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேம்புலி இந்த ஊர்க்காரன்தான். அவன் அப்பனும் ஆத்தாளும் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதன் வாசலில் இவன் வண்டியை நிறுத்தினால் வாட்ச்மேன் விசில் ஊதுகிறான். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு கிளீனராகப் போய், லைசென்ஸ் எடுத்து, பதினாலு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டினான். அந்த முதலாளிக்கு ஒரு வியாதி. அரை மணிக்கு ஒருதரம் போன் போட்டு, "எங்கடா கீற?" என்று கேட்பார். வேம்புலிக்கு அந்தக் கேள்வி ஆகவே ஆகாது. "கக்கூஸ்ல கீறேன்னு சொன்னாக்கூட நம்ப மாட்டேங்கிறான்ணா அந்தாளு" என்று என்னிடம் வந்து புலம்புவான். நாற்பது வயது தாண்டியதும் ஒருநாள் சாவியை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் எடுத்தான். புத்தம்புதுசு, வெள்ளை நிறம். திருவேற்காட்டில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, நேராக என் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தான். அவன் பெண்சாதி பேபி தலை நிறையப் பூவோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள், இறங்கச் சொன்னால் இறங்க மாட்டேன் என்கிறாள்.

"இனிமே எவனும் என்னிய எங்க கீறன்னு கேக்க முடியாதுண்ணா" என்றான் வேம்புலி.

எனக்கு வாயில் ஏதோ வந்தது. நல்ல நாளாச்சே என்று முழுங்கிவிட்டேன்.

சொந்த வண்டியானாலும் வாசலில் நின்றால் சோறு போடாது. மூன்றாவது மாசமே அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வண்டியை அட்டாச் பண்ணினான். அதாவது வண்டி அவனுடையது, டீசல் அவனுடையது, டயர் தேய்ந்தால் தலைவலியும் அவனுடையது. வண்டி எப்போது ஓட வேண்டும், எந்த வழியில் ஓட வேண்டும் என்பது மட்டும் கம்பெனியுடையது. காலையில் அம்பத்தூரில் சரக்கு ஏற்றி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கார் தொழிற்சாலை ஒன்றில் இறக்கிவிட்டு, காலி டிரேக்களோடு திரும்ப வேண்டும். மத்தியானம் இன்னொரு நடை. அவனையும் சேர்த்துப் பதிமூன்று வண்டிகள். ஒரு வண்டி ரெண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் அந்த இடத்தில் வேறு வண்டி நிற்கும். அதற்கென்றே கம்பெனி வாசலில் எப்போதும் நாலைந்து பேர் சாவியோடு காத்துக் கிடந்தார்கள்.

கம்பெனி ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டப்பா கொடுத்தது. சோப்புப் பெட்டி அளவுதான். பின்னால் காந்தம், உள்ளே பேட்டரி. டாஷ்போர்டுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். வண்டி எங்கே போகிறது என்பதை அது ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆபீசில் கிரண் என்கிற சூப்பர்வைசர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கரூர்க்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், காட்டுப்பாக்கத்தில் பிளாட் எடுத்துக் குடியிருந்தார். அவர் திரையில் பதிமூன்று பச்சைப் புள்ளிகள் நகரும். நிற்கக் கூடாத இடத்தில் நின்றாலோ, போகக் கூடாத வழியில் போனாலோ புள்ளி சிவப்பாகிவிடும். உடனே போன் வரும்.

"வேம்புலி அண்ணா, எங்க இருக்கீங்க?"

மரியாதையாகத்தான் கேட்பார். கேள்வி என்னவோ அதே கேள்விதான்.

கம்பெனி அனுமதித்த வழி ஒன்றே ஒன்று. பூந்தமல்லி, காட்டுப்பாக்கம், போரூர் வழியாக அம்பத்தூர். ஏசி ரூமில் உட்கார்ந்து மேப்பில் கோடு போட்ட புண்ணியவான் எவனோ, அதுதான் குறைந்த தூரம் என்று கண்டுபிடித்திருக்கிறான். மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்பும், அதற்குப் பக்கத்தில் தோண்டிப் போட்ட பள்ளமும் அந்தக் கோட்டில் தெரியாது. காட்டுப்பாக்கத்தில் முதல் கியரிலேயே முக்கால் மணி நேரம் நகர்கிறவனுக்குத்தான் தெரியும்.

அதனால் வண்டிக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். இப்போது வருகிற டீசல் வண்டிகளில் புகைக்குழாய்க்கு நடுவில் ஒரு சல்லடை இருக்கிறது. கரியை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்கு வண்டி நிற்காமல், ஒரே சீரான வேகத்தில், அரை மணி நேரமாவது ஓட வேண்டும். அப்போதுதான் உள்ளே சூடேறி கரி தானாக எரியும். நெரிசலில் ஊர்ந்தே சாகிற வண்டிக்கு அந்தச் சூடு ஏறாது. முதலில் மஞ்சள் விளக்கு எரியும். அப்புறம் விட்டு விட்டு மின்னும். அதையும் பார்க்காத மாதிரி இருந்தால் எஞ்சின் இழுக்காது, வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் என் கையில் ஒன்றும் இல்லை, ஷோரூமில் கொண்டுபோய் விட வேண்டியதுதான். அவர்கள் நாலைந்து நாள் கேட்பார்கள். வேம்புலியிடம் இருந்தது ரெண்டே நாள்.

மருந்து என்னவோ பக்கத்திலேயே இருந்தது. நசரத்பேட்டையில் திரும்பி நானூறு அடி வெளிவட்ட ரோட்டில் ஏறினால் சிக்னல் கிடையாது, தடுப்பு கிடையாது. பாலவேடு தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, முத்தாபுதுப்பேட்டை, ஆவடி வழியாக அம்பத்தூர் வந்துவிடலாம். வேம்புலி கிரணிடம் கேட்டுப் பார்த்தான்.

"சார், வாரத்துக்கு ஒரு தபா, காலி வண்டில அந்த வழியா வந்துர்றேன் சார். வண்டிக்கு அது வேணும் சார்."

"அண்ணா, சிஸ்டம்ல அப்படி ஒரு ஆப்ஷனே இல்லண்ணா. வேற சரக்கு ஏத்தப் போனீங்களான்னு மேல கேட்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

ராத்திரி வண்டி வீட்டு வாசலை விட்டு நகர்ந்தாலும் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடியது.

ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து நின்றான். விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எத்தினி நாளாடா மின்னுது?"

"நாலு நாளாண்ணா."

"நாலு நாளா இன்னாடா பண்ண, விளக்கு பூஜையா? நாளைக்கி ஒரு நாள் தாங்கும். அதுக்கப்புறம் நட்ட நடு ரோட்ல உக்காந்துரும், சொல்லிட்டேன்."

அவன் டயர் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "பதினாலு வர்சம் அந்தாளாண்ட பதில் சொல்லிகினு இருந்தேன். இப்ப என் வண்டில, என் டீசல்ல, அதே பதில சொல்லிகினு கீறேன். அரை மணி நேரம்ணா. என் வண்டிய அரை மணி நேரம் ஓட்றதுக்கு எனக்கு வக்கில்ல. பைத்தியம் புடிக்குதுண்ணா" என்றான்.

எனக்குத் தாங்கவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அந்த டப்பாவைப் பிடுங்கி அவன் மடியில் போட்டேன்.

"அவங்க வண்டியையாடா பாக்கறாங்க? இந்த டப்பாவத்தான பாக்கறாங்க? இத்த உன் மச்சான்கிட்ட குடு."

பேபியின் தம்பி ஜெகன், வேம்புலி சரக்கு இறக்குகிற அதே கார் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கிறான். வீடு அம்பத்தூரில். காலை எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, அதே பூந்தமல்லி, காட்டுப்பாக்கம், போரூர் வழியாகத்தான் பைக்கில் வீட்டுக்குப் போவான். டப்பா அவன் பையில் போகட்டும், வண்டி நானூறு அடி ரோட்டில் போகட்டும். கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடையில் டப்பாவை வாங்கி மறுபடி ஒட்டிக்கொண்டால் முடிந்தது. சொல்லிவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாள் அப்படியே செய்தான். வண்டி கம்பெனிக்குப் போன பிறகு பேபி அதில் ஏறியதே இல்லை, வேறு ஆள் ஏறக் கூடாது என்று கம்பெனியில் சட்டம். அன்றைக்கு அவள் நசரத்பேட்டையில் வந்து நின்று ஏறிக்கொண்டாள். எழுபதில் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே போக்காகப் போனார்களாம். ஜன்னலில் கையை வெளியே நீட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்ச தூரம் போய்யா, இன்னும் கொஞ்ச தூரம்" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாளாம். பாலவேடு தாண்டியதும் எனக்குப் போன் வந்தது. "அண்ணாத்தே, அணைஞ்சிருச்சிண்ணா! லைட்டு அணைஞ்சிருச்சி!" என்று வேம்புலி கத்தினான். பின்னால் பேபி சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த வண்டி வாங்கிய சந்தோஷம் அவனுக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் கிரண் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் வேம்புலி உள்ளே போனான். கிரண் எழுந்து வந்து கை கொடுத்தார்.

"அண்ணா, கலக்கிட்டீங்க. ஒன்றரை மணி நேரம் ஆகற ரிட்டர்ன் ட்ரிப், புதன்கிழமை ஐம்பத்திரண்டு நிமிஷத்துல முடிச்சிருக்கீங்க."

நான் எப்பேர்ப்பட்ட மடையன் பாருங்கள். பைக் எந்தச் சந்தில் நுழையும், தடுப்புக்கும் லாரிக்கும் நடுவில் எப்படிப் புகும் என்று எனக்குத் தெரியாதா? ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு தூக்கக் கலக்கத்தில் வீட்டுக்குப் பறக்கிறவன் எப்படிப் போவான் என்று தெரியாதா? வழியில் எங்கேயாவது அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போடா என்று ஒரு வார்த்தை ஜெகனிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்று பேரில் ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை.

அடுத்த வாரம் கம்பெனி வாசலில் வேம்புலியின் போட்டோவைப் பெரிதாக அடித்து ஒட்டினார்கள். இந்த மாதத்தின் சிறந்த ஓட்டுநர். அதற்குக் கீழேயே இன்னொரு காகிதம். இனிமேல் பதிமூன்று வண்டிக்கும் திரும்பி வருகிற நேரம் ஐம்பத்தைந்து நிமிஷம், தாண்டினால் புள்ளி சிவப்பு. அதனால் மிச்சமாகிற நேரத்தில் தினமும் மூன்றாவது நடை.

அன்றிலிருந்து வேம்புலி காலை நாலு மணிக்கு வண்டி எடுத்தான், ராத்திரி பத்துக்கு வீடு திரும்பினான். காலை நடையில் டப்பாவை ஜெகனிடம் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சிறந்த ஓட்டுநரின் புள்ளி சிவப்பாகும். மத்தியானமும் சாயங்காலமும் ஜெகன் வீட்டில் தூங்குவான், டப்பா வண்டியிலேயே இருக்கும், காட்டுப்பாக்கத்தில் வண்டியோடு சேர்ந்து நிற்கும். "காலைல முடியுது, மத்தியானம் ஏன்ணா முடியல?" என்று கிரண் கேட்பார். இவன் என்ன சொல்வான்? வயிற்றுவலி என்பான், டயரில் காற்று கம்மி என்பான். மற்ற டிரைவர்கள் டீக்கடையில் சூழ்ந்துகொண்டு, "இன்னா வழிப்பா அது, எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்பார்கள். "வழியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, லக்கு" என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். டப்பாவைக் கொடுக்காமல் விட்டால் வேலை போகும். கொடுத்தால் நேரம் குறைந்தது குறைந்ததுதான். உண்மையைச் சொன்னால் வண்டியே வெளியே. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்கு அடி.

பதிமூன்று பேரில் வயதானவர் மதுரைவீரன். ஐம்பத்தெட்டு வயது. வேகமாக ஓட்டுகிற ஆளே கிடையாது. ஆவணி முதல் வாரத்தில் அவருக்கு மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு விழுந்தது. நாலாம் நாள், நேரத்தைப் பிடிப்பதற்காகக் காட்டுப்பாக்கத்தில் எதிர்த்திசையில் ஏறினார். எதிரே பஸ் வர, வளைத்து, மெட்ரோ தடுப்பில் போய் மோதினார். வண்டியின் முகம் உள்ளே போய்விட்டது. வலது கால் ரெண்டு இடத்தில் முறிவு.

பட்டறையில் நின்ற ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நானும் வேம்புலியும் போனோம். மதுரைவீரன் மயக்கத்தில் கிடந்தார். அவர் பெண்சாதி குப்பம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. வேம்புலியைப் பார்த்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

"நீதானே நைனா அந்த போட்டோல கீற புள்ள? உன்னியப் பத்தி ஊட்ல சொல்லிகினே இருப்பாரு. நீ எப்பிடிதான் அவ்ளோ சீக்கிரம் வர்றியோ! இவருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கலாமேப்பா."

திட்டவில்லை, குத்திக்காட்டவில்லை. மனசாரத்தான் கேட்டது. வேம்புலி கையை உருவிக்கொள்ள முடியாமல் நின்றான். திரும்பி வரும்போது குமணன்சாவடி சிக்னலில் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள், இவன் எடுக்கவில்லை.

"நான்தான்ணா அந்தக் கால ஒடைச்சேன்."

"யோசன சொன்னவன் நான்டா" என்றேன். அது அவன் காதில் விழவில்லை.

மறுநாள் காலையில் நேராக ஆபீசுக்குள் போய், வண்டி போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் கிரணிடம் சொல்லிவிட்டான். டப்பா, பைக், ஜெகன், நானூறு அடி ரோடு, ஒன்று விடாமல். என் பேரையும் சொன்னானாம், பரவாயில்லை. கிரண் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணா, இத என்கிட்ட சொன்னதா வச்சுக்காதீங்க" என்றார். "அந்த ஐம்பத்திரண்டு நிமிஷத்தக் கண்டுபிடிச்சதே நான்தான்னு மேல ரிப்போர்ட் எழுதிட்டேன். அதுக்கு எனக்கு புரமோஷன் போட்டிருக்காங்க. இப்பப் போய் அது பைக்குன்னு சொன்னா உங்க வண்டியும் போகும், என் வேலையும் போகும். மிச்ச வண்டிக்கெல்லாம் கேமரா வைப்பாங்க. மதுரைவீரன் அண்ணா கால் அதனால கூடிடுமா? சொல்லுங்க."

சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியிருந்ததாம். எனக்கென்ன, கலங்கட்டும்.

வேம்புலி வெளியே வந்தான். எதிரே டீக்கடையில் மற்ற பதினோரு பேரும் நின்றிருந்தார்கள். அவர்களிடமும் சொல்லிவிட்டான். செருப்பால் அடிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தான். "அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்ணா" என்று அப்புறம் என்னிடம் சொன்னான். யாரும் கையை ஓங்கவில்லை. அப்புறம் ஒருத்தர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"உன் மச்சான் பையில எத்தினி டப்பா புடிக்கும்?"

அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஜெகன் பையில் பன்னிரண்டு டப்பா. வண்டிகள் ஆளுக்கொரு பக்கம் போயின. சிலபேர் நானூறு அடி ரோட்டில் ஏறினார்கள், சிலபேர் வழியில் ஓரங்கட்டி அரை மணி நேரம் தூங்கினார்கள்.

அந்த வாரக் கடைசியில் வேம்புலி டீசல் பில்டர் மாற்ற வந்தான். மூன்றாவது நடைக்கு நடுவில் கிடைத்த இருபது நிமிஷம். நான் பழைய பில்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கிரண். வேம்புலி ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, பக்கத்துல யாரும் இல்லையே? ஒண்ணும் இல்லண்ணா, காலைல பன்னிரண்டு வண்டியும் ஒண்ணு மேல ஒண்ணா ஒரே புள்ளியா வருது. மேல யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க? நாளைலேர்ந்து உங்க மச்சானோட இன்னும் ரெண்டு மூணு பேரச் சேர்த்துக்கிட்டு, கொஞ்சம் முன்ன பின்ன வர்ற மாதிரி பிரிச்சு அனுப்பச் சொல்லுங்கண்ணா."

"சரி சார்" என்று சொல்லி வேம்புலி போனை வைத்தான்.

பொய் சொல்ல மாட்டேன், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

"தப்பு பண்ணா மாட்டிக்குவோம்னுதான்ணா இத்தினி நாளா பயந்துகினு இருந்தேன். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி. அவுருக்கும் தெரியும், இவுங்களுக்கும் தெரியும். இனிமே நான் யாராண்ட போயி இன்னாத்த சொல்லி இதுலேர்ந்து வெளிய வர்றது?"

வாய் நீளம் என்று பேரெடுத்தவன், அன்றைக்கு ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"சீக்கிரம் முடிண்ணா, டைம் ஆவுது" என்றான் வேம்புலி. புது பில்டரை முறுக்கி, டீசல் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, கை காட்டினேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டான்.